தராசில் ஏறுவதற்கு முன்

– சிரிக்காதீங்க மதினி... கிளினிக்குல ஆக்கள் பாக்குறாங்க.

– பாக்கட்டும். பிரான்சிஸ்கா அக்கா பஸ்ஸுல உன்ன என்ன கேட்டாங்க? இன்னொருக்காச் சொல்லு.

– "இன்னும் எத்தின பல்லு புடுங்க இருக்கி மகள்?" எண்டாங்க. எல்லாருக்கும் கேக்கக் கேட்டாங்க.

– நீ என்ன சொன்ன?

– வாயப் பொத்திக்கிட்டுத் தலைய ஆட்டினன். வேற என்ன செய்ய? பல்லு கிளினிக்குக்குப் போறம் எண்டு ஊருல சொல்லிவச்சது நீங்கதானே.

– பின்ன? மனநல கிளினிக் எண்டு சொல்லவா? பஸ் குறிஞ்சிப்பிட்டி தாண்ட முன்னம் றிப்காவுக்குப் பைத்தியம் எண்டு உன்ட பேரு கண்டக்குழிக்குப் போயிருக்கும்.

– ரெண்டு கதவும் பக்கத்துப் பக்கத்துல இருக்கிறதால தப்பினம். ஆனா ஊருல இப்ப எனக்குப் பல்லே இல்லெண்டு நினைப்பாங்க.

– பல்லிருந்தா இந்த ரொட்டியக் கடிச்சுக் காட்டு. நேரமாச்சு.

– டொக்டர் பாத்த பொறகு...

– இப்ப. நேரத்துக்குத் தின்னக் குடுக்கச் சொல்லி டொக்டர் எனக்குத்தான் சொன்னாரு. உனக்கில்ல.

– பாதி.

– முழுசு. சம்பல் வேணுமெண்டா மிச்சம் வை, பாவம் பாத்து விடுறன்.

– பெரிய மனசு மதினி உங்களுக்கு.

– மனசு இல்லாட்டி உன்னோட இந்த அலைச்சல் அலைவனா? முதல்ல வயித்துல கேஸ் எண்டு குளிசை தந்தாங்க. பொறகு பூச்சி மருந்து. அதுக்குப் பொறகு ரத்தம் காணாது எண்டாங்க...

– உம்மா ஓதி ஊதின தண்ணிய விட்டிட்டீங்க.

– அது ஆசுபத்திரிக் கணக்குல வராது. அந்தப் பெரிய டொக்டர ஞாபகமா? மாதம் வராம நிண்டதுக்குக் கலியாணம் முடிச்சா எல்லாம் சரிவரும் எண்டாரே?

– அவருக்கு நீங்க சிங்களத்துல என்னமோ சொன்னீங்க. அவர்ட மூஞ்சி அப்பிடியே கறுத்துப் போச்சு. என்ன சொன்னீங்க எண்டு இண்டைக்கு வரைக்கும் சொல்லல்ல.

– "உங்கட மகளுக்கும் இதேதான் மருந்தா டொக்டர்?" எண்டு கேட்டன். மரியாதையாத்தான் கேட்டன்.

– அல்லாஹ்வே! அதுதான் கதவக் காட்டினாரா?

– அந்தக் கதவால வெளிய வந்ததாலதான் இந்தக் கதவு கிடைச்சிச்சி. வெளிய நிண்ட நர்ஸ் மிஸ் பின்னால ஓடி வந்து, "இந்தப் புள்ளைக்கு வயித்துல வருத்தமில்ல, அங்க கூட்டிட்டுப் போங்க" எண்டு இந்தப் பக்கத்தக் காட்டினா. அவ நல்லா இருக்கணும்.

– உங்களுக்கு முன்னமே தெரிஞ்சிருந்ததா? எனக்கு என்ன வருத்தமெண்டு?

– பேரு தெரியா. சங்கதி தெரியும். ஊரெல்லாம் உன்னப் புகழ்ந்திச்சி. திங்களும் வியாழனும் தவறாம சுன்னத்து நோம்பு புடிக்கிற புள்ள எண்டு உன்ட உம்மாக்குப் பெருமை தாங்கல்ல.

– அது நோம்பில்ல மதினி. படைச்சவனுக்குத் தெரியும். பசிக்கிது, ஆனா தின்னப் பயம். நோம்பு எண்டு சொன்னா ஒருத்தரும் தின்னு எண்டு சொல்ல மாட்டாங்க...

– தெரியும். நோம்பு துறக்கத் தந்த ஈச்சம்பழத்த வேலிக்கால ஆட்டுக்குக் குடுத்தவதானே நீ.

– கண்டீங்களா?

– ஆட்டக் கண்டன். ஊருல எல்லா ஆடும் மெலிஞ்சு கிடக்க, எங்கட ஆடு மட்டும் உருண்டு திரண்டு நிண்டிச்சி.

– போங்க மதினி!

– ரொட்டி எங்க?

– ம்? ...முடிஞ்சிச்சி. கதையோட கதையா முழுசும் திண்டிட்டன்.

– மாஷா அல்லாஹ். அப்ப இண்டைக்கும் நிறை கூடியிருக்கும். டீச்சர் படிக்கிற வகுப்புக்குப் போகலாமெண்டு டொக்டர் வாயால சொல்லிருவாரு.

– கூடல்லாட்டி கொழும்பு வார்டு எண்டும் சொன்னாருதானே.

– போன தடவ கூடினது. டொக்டர் மேசையில தட்டிச் சிரிச்சாரே.

– அதுதான் மதினி... அந்தச் சிரிப்புத்தான் என்னத் தூங்க விடுதில்ல.

– ஏன்?

– திட்ட மாட்டீங்களே?

– அது நீ சொல்லுறதப் பொறுத்தது.

– இந்த அபாயாவக் கிளினிக்குக்கு மட்டும் ஏன் உடுக்கிறன் தெரியுமா? ...கீழ மடிப்புக்குள்ள வலை ஈயம் இருக்கி. முதல் தடவ வரக்குள்ளயே தச்சது. நானாட வலைக் கொட்டில்ல எடுத்தன்.

– எதுக்குத் தச்ச?

– வார்டுல போட்டு, வாயப் புடிச்சிச் சோறு திணிப்பாங்க எண்டு பயந்தன். ஈயம் கட்டினா வலை தாழும்தானே. தராசும் தாழும் எண்டு நினைச்சன்.

– உங்க நானா, என்ட புருசனுக்கு இதுல கால்வாசி மூளை இருந்திருந்தா இந்நேரம் ரெண்டு மீன்பிடி போட் வாங்கியிருப்பாரு.

– பகிடி பண்ணாதீங்க மதினி.

– சரி, பண்ணல்ல. இப்ப ஏன் சொல்லுற?

– பெருநாளையில இருந்து உண்மையாத்தான் சாப்பிடுறன். நீங்க பாக்காத நேரமும் சாப்பிடுறன். ஆனா என்ட உடம்பு எவ்வளவு, ஈயம் எவ்வளவு எண்டு எனக்கே தெரியா. டொக்டர் என்னப் பாத்தா சிரிச்சாரு? ஈயத்தப் பாத்துச் சிரிச்சாரு.

– அப்ப இண்டைக்கு என்ன செய்யப் போற?

– உள்ள சல்வார் போட்டிருக்கன். இதக் கழட்டி உங்கட கையில தந்திட்டு ஏறப் போறன். ஏற முன்னம் டொக்டருக்குச் சொல்லணும். நீங்க சிங்களத்துல சொல்லித் தாங்க.

– வார்டு எண்டு சொல்லிட்டாரெண்டா?

– போறன்.

– முன்பள்ளி டீச்சர் வகுப்பு?

– அடுத்த வருசமும் வகுப்பு இருக்கும். நாளைக்கு ஒரு பிள்ளைக்கு, "சாப்பிட்டு முடி, பயப்படாத" எண்டு நான் சொல்லணுமே மதினி. இந்தப் பொய்யோட நிண்டு எப்பிடிச் சொல்லுற?

– பயமில்லியா?

– இருக்கி. எண்டாலும் சொல்லத்தான் போறன்.

– பயந்தாலும் குரல் நல்லாத்தான் இருக்கி. டொக்டர் ஏசினா நான் கதைக்கிறன்.

– வேணாம்! நான் சொல்லுறத மட்டும் சிங்களத்துல சொல்லுங்க. அவர்ட மகளப் பத்தி ஒண்டும் கேக்கக் கூடா.

– முயற்சி செய்யிறன்... அந்தா, மிஸ் உன்ட பேரத்தான் கூப்பிடுறா.

– இந்தாங்க, அபாயாவப் புடிங்க. பாத்து, பாரம். முந்தியெல்லாம் நடக்க நடக்கக் கரண்டைக்கால்ல இடிக்கும். இப்ப தெரியிறதேயில்ல. எனக்குப் பெலன் வந்திட்டு எண்டு நினைக்கிறன்.

– பெலன் வந்ததும் உண்மைதான். றிப்கா... கொஞ்சம் நில்லு.

– மிஸ் பாத்துக்கிட்டு நிக்கிறா மதினி!

– நிக்கட்டும். நானாட வலைக்கு ஈயம் கோக்கிறது ஆரு? ஒரு பிடி குறைஞ்சா எனக்குத் தெரியாதா? பெருநாள் முடிஞ்ச கையோட உன்ட மடிப்பப் பிரிச்சு, பாரமில்லாத புளியங்கொட்டையப் போட்டுத் திருப்பித் தச்சிட்டன். நீயா வாய் திறக்கிற வரைக்கும் பாத்துக்கிட்டு இருந்தன்.

– அப்ப... போன தடவ தராசு காட்டினது?

– ஈயம் அதுக்கு முந்தியே வலையோட கடலுக்குப் போயிட்டு புள்ள. தராசுல நிண்டது நீ மட்டும்தான்.