ஒரு நிமிஷத்துக்கு ஒரு முகம்

அந்த ஜன்னலைச் சாத்திவிட்டு உட்காருங்கள், வக்கீலம்மா. தெருவில் வண்டிச் சத்தம் அதிகம். எனக்கோ உரக்கப் பேசிப் பழக்கமில்லை. காது மெஷின் விற்கிறவன் மெதுவாகத்தான் பேசவேண்டும். கத்திப் பேசினால் எல்லோருக்கும் கேட்டுவிடும், பிறகு மெஷினை யாரிடம் விற்பது?

நீங்கள் சிரிக்கவில்லை. பரவாயில்லை. என் மனைவி புகார் கொடுத்திருக்கிறாள், நீங்கள் அவளுடைய வக்கீல், நடந்ததை நானே சொல்லிவிட்டால் எல்லோருக்கும் அலைச்சல் மிச்சம் என்றீர்கள். சொல்கிறேன். ஆனால் இது உங்களிடமிருந்துதான் தொடங்கியது. குற்றமாகச் சொல்லவில்லை, நன்றியோடுதான் சொல்கிறேன்.

நம் வியாபாரிகள் குழுவில் நான் சேர்ந்த புதிது உங்களுக்கு நினைவிருக்கும். கடை திறக்கும் முன்பு, ஓட்டல் மாடியில், வாரா வாரம் கூட்டம். ஒரு தொழிலுக்கு ஒரே ஆள். ஒவ்வொருவரும் எழுந்து நின்று ஒரு நிமிஷத்தில் தன் தொழிலைச் சொல்லி, எப்படிப்பட்ட வாடிக்கையாளர் வேண்டும் என்று கேட்கவேண்டும். மற்றவர்கள் தெரிந்தவர்களை அனுப்பி வைப்பார்கள். நிமிஷம் முடிந்ததும் தலைவர், அதாவது டைல்ஸ் கடைக்காரர், மணியைத் தட்டுவார்.

நான் எழுந்தால் மெஷினின் மாடல், பேட்டரி, வாரண்டி எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்வேன். பல் டாக்டர் போனை நோண்டுவார். நீங்கள் பிஸ்கட்டைக் காபியில் நனைப்பீர்கள். செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள். காது மெஷின் விற்கிறவனுக்கே அந்தக் கதி. டைல்ஸ் கடைக்காரருக்கு நாலாபக்கமிருந்தும் ஆள் சொல்வார்கள். என் பக்கம் வந்தது பிஸ்கட் தட்டு மட்டும்தான், அதுவும் காலியாக. எனக்கு வெட்கமாக இருந்தது. வீட்டுக்குப் போகாமல் கொஞ்ச நேரம் காரிலேயே உட்கார்ந்திருப்பேன்.

ஒருநாள் படியிறங்கும்போது நீங்கள்தான் என்னை நிறுத்தினீர்கள்.

"என்ன சார், கேட்லாக் ஒப்பிக்கிற மாதிரி ஒப்பிக்கிறீங்க? மெஷினைப் பத்தி யாருக்குக் கவலை? ஒரு ஆளோட கதையைச் சொல்லுங்க. ஒரு நிமிஷத்துக்கு ஒரு முகம் போதும். யாரு என்ன சொன்னா உங்ககிட்ட அனுப்பணும்னு எங்களுக்குப் புரியணும்ல?"

பொன்னான யோசனை. சிக்கல் என்னவென்றால், என்னிடம் முகம் இல்லை. மெஷின் வாங்கினவர்கள் அதை மேசை டிராயரில் போட்டுவிட்டு, முன்போலவே கத்திக்கொண்டிருந்தார்கள்.

இனி என் மாமனாரைப் பற்றி. மாமியார் போன பிறகு அவர் எங்களோடுதான் இருந்தார். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஓட்டுகிறவருக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் தனித்தனியாகப் பிரேக் வைத்த பழைய கார் ஒன்று வைத்திருந்தார். வாய் ஓயாது. படிக்க வருகிறவர்களைக் கேலி செய்தே ஓட்ட வைத்துவிடுவார். "கியரைக் குனிஞ்சு பாக்காதீங்கம்மா, அது எங்கயும் ஓடிடாது. வண்டி முனகுதா, அதைக் கேளுங்க" என்பார். அவருக்குப் பாம்புக் காது.

நான் குளியலறைக் கண்ணாடி முன் நின்று என் ஒரு நிமிஷத்தை முணுமுணுத்துப் பார்ப்பேன். ஒருநாள் அடுத்த அறையிலிருந்து குரல் வந்தது.

"மாப்பிள்ளை, பேட்டரிக்கு அப்புறம் ரொம்ப இழுக்குறீங்க. அதுக்குள்ள மணி அடிச்சிடுவாங்க!"

என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன், அதனால் சொல்கிறேன். ஆனால் கோபத்தில் எதையும் செய்கிறவன் இல்லை நான். இரண்டு நாள் ஆறப்போட்டேன். அதன் பிறகுதான் எனக்கு வேண்டிய முகம் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே இருப்பது தெரிந்தது.

முதலில் மனைவியிடம், "உரக்கப் பேசினா மாமாவுக்கு பிரஷர் ஏறுது, கவனிச்சியா?" என்றேன். அப்பாமேல் உயிரையே வைத்திருந்தவள். அன்றிலிருந்து அவள் குரல் பாதியாகிவிட்டது. டி.வி. சத்தத்தை அவர் பார்க்காதபோது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். காலிங் பெல்லைத் திறந்து உள்ளே பஞ்சு வைத்தேன். சாப்பிடும்போது ஏதாவது சொல்வேன். நடுவில் சில வார்த்தைகளுக்கு மட்டும் வாயை அசைப்பேன், குரல் வராது.

என்ன என்றீர்களா? குரல் வராது என்றேன். வாய் மட்டும் அசையும்.

அவர் முன்னால் சாய்ந்து, "என்ன மாப்பிள்ளை?" என்பார். அப்போது அதையே நிறுத்தி, நிதானமாக, குழந்தைக்குச் சொல்வதுபோல் திரும்பச் சொல்லவேண்டும். அந்தப் பொறுமைதான் முக்கியம். எரிந்து விழுந்தால் சண்டைக்கு வருவார்கள். பொறுமையாகச் சொன்னால் நம்பிவிடுவார்கள்.

முதலில் அவர் கேலி பேசுவதை நிறுத்தினார். யார் என்ன சொன்னார்கள் என்று தெரியாமல் கேலி பேச முடியாதல்லவா? பிறகு ஒருநாள், படிக்க வந்த பெண் காரைக் கொண்டுபோய் வாசல் கேட் தூணில் உரசிவிட்டாள். புதிதாக ஓட்டுகிறவர்கள் செய்வதுதான். ஆனால் அவர் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"வண்டி முனகினது எனக்குக் கேக்கல போலிருக்கு. என் காதைக் கொஞ்சம் பாத்துடுங்க, மாப்பிள்ளை."

கவனியுங்கள், நான் கூப்பிடவில்லை. அவராகத்தான் கேட்டார்.

கடையில், சத்தம் புகாத அறையில் உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டினேன். ஒலி கேட்டால் கையைத் தூக்கவேண்டும். சில தடவை ஒலியை அனுப்பினேன், பல தடவை அனுப்பவில்லை. அனுப்பியதுபோல் பொத்தானை மட்டும் தொட்டேன். மனிதர் நேர்மையானவர். கேட்காததற்கு ஒருமுறைகூடக் கை தூக்கவில்லை. வெளியே வந்ததும் என் முகத்தைத்தான் பார்த்தார். நான் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தேன்.

அடுத்த கூட்டத்துக்கு அவரையே அழைத்து வந்தேன். உங்களுக்கு நினைவிருக்கும், நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். "இவரு என் மாமனார். வண்டியோட முனகலை வச்சே கியர் சொல்லிக்கொடுத்தவரு. ஒருநாள் அந்த முனகல் அவருக்குக் கேக்காமப் போச்சு. இன்னிக்குத் திரும்பக் கேக்குது. உங்க வீட்ல யாராவது 'என்ன?'ன்னு ரெண்டாவது தடவை கேட்டா, அன்னிக்கே எனக்கு ஒரு போன் பண்ணுங்க." மணி அடிக்கவேண்டிய நேரம் தாண்டியிருந்தது. டைல்ஸ் கடைக்காரர் மணியை மறந்துவிட்டுக் கைதட்டினார். மாமனார் எழுந்து, "மாப்பிள்ளை இல்லன்னா நான் யாரையாவது வண்டியில மோத விட்டிருப்பேன்" என்றார். அவ்வளவு கைதட்டல் என் கல்யாணத்தில்கூட விழவில்லை. நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன்.

அன்றிலிருந்து ஊரில் எல்லோர் வீட்டிலும் 'என்ன?' கேட்கிறவர்கள் கிளம்பிவிட்டார்கள். பல் டாக்டரை அவர் மனைவி காதைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டி வந்தார். சோதித்தேன். காது பிரமாதமாக இருந்தது. மனைவி பேச்சு மட்டும்தான் ஏறவில்லை. அதற்கு மெஷின் இல்லையென்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். விற்றிருக்கலாம். நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை.

மாமனார் விஷயத்தில் சின்னச் சிரமம் இருந்தது. நல்ல காதில் மெஷின் சத்தத்தைக் குறைவாக வைத்தால் வித்தியாசம் தெரியாது; கழற்றிப் போட்டுவிடுவார். கழற்றினால் எல்லாம் கேட்டுவிடும். அதனால் சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

"மண்டையைக் குடையுது, மாப்பிள்ளை. ஹாரன் அடிச்சா உயிரே போகுது."

"பழகிடும், மாமா. கழட்டாம மட்டும் இருங்க."

என் பேச்சை அவர் தட்டியதே இல்லை. காலைக் காபியிலிருந்து படுக்கப் போகும்வரை மாட்டியிருந்தார். சில மாதங்களில் குடைகிறது என்பதை நிறுத்திவிட்டார். நிம்மதியாக இருந்தது. இன்னும் சில மாதங்களில், "இன்னும் கொஞ்சம் கூட்டுங்க மாப்பிள்ளை, சரியா கேக்கல" என்றார். அப்போது நான் வாயை மட்டும் அசைப்பதை விட்டு வெகுநாள் ஆகியிருந்தது. நான் உரக்கத்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

கூட்டினேன். வேறென்ன செய்ய?

கற்றுக்கொடுப்பதை விட்டுவிட்டுக் காரை விற்றார். வாங்கினவன் அந்த இரண்டாவது பிரேக்கைக் கழற்றி வாசலிலேயே போட்டுவிட்டுப் போனான். அதைக் கையில் எடுத்துக்கொண்டு இவர் நின்றதைப் பார்த்து நான் அழுதுவிட்டேன். பொய்யழுகை இல்லை. என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மற்றது உங்களுக்கே தெரியும். டைல்ஸ் கடைக்காரர் ஒரு காது டாக்டரைக் கூட்டத்துக்கு விருந்தாளியாக அழைத்து வந்தார். என் தொழிலுக்கு உதவுவார் என்று நல்லெண்ணத்தில்தான். டாக்டர் என் ஒரு நிமிஷத்தைக் கேட்டு நெகிழ்ந்துபோய், மாமனாரைத் தானே பார்க்கிறேன் என்றார். என் கதை அவ்வளவு நன்றாக இருந்தது, அதுதான் வினை. மெஷினைக் கழற்றிப் பார்த்துவிட்டு என் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டார். இது முக்கால்வாசிக் காது போனவர்களுக்கு வைக்கிற சத்தம், இந்தச் சத்தம்தான் காதைக் கெடுத்திருக்கிறது, இனித் திரும்பாது என்றார்.

பெல் சத்தம் எப்போது குறைந்தது என்று அவளுக்கு நினைவு வந்திருக்கவேண்டும்; வீட்டுக்கு வந்து நேராகக் காலிங் பெல்லைத் திறந்தாள். பஞ்சு அங்கேயே இருந்தது. அதை எடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அப்பாவின் காதருகே போய் எல்லாவற்றையும் சொன்னாள். கத்தினாள். அவருக்கு விளங்கவில்லை. சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார். எப்போதும்போல நான் நிதானமாகத் திரும்பச் சொல்வேன் என்று காத்திருந்தார்.

நீங்கள் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். நான் தொடங்கிய அன்று மாமாவின் காதில் ஒரு குறையும் இல்லை. அதைக் கெடுத்தது நான்தான். ஆனால் பொய் சொன்னேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அவருக்குக் காது கேட்கவில்லை என்று வாரா வாரம் சொன்னேன், இன்று கேட்கவில்லை. கொஞ்சம் முன்னாடியே சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.

என்ன என்கிறீர்களா? ஜன்னல் சாத்தித்தானே இருக்கிறது? இதோடு இரண்டாவது தடவை கேட்டுவிட்டீர்கள், வக்கீலம்மா. ஒருநாள் கடைப்பக்கம் வாருங்கள். பயப்பட ஒன்றுமில்லை, நானே பார்க்கிறேன்.