ஒதெத் வீட்டு மஞ்சள் ஜன்னல்

முதல்ல உக்காருங்க சார். போட்டோ அப்புறம் எடுத்துக்கலாம், ஜன்னல் என்ன ஓடியா போகப் போகுது. மஞ்சள்தான், எனக்கும் தெரியுது. ஊர்ல அத்தனை வீட்டு ஜன்னல் கதவுக்கும் பழைய கட்டடங்களைப் பாதுகாக்கிற உங்க ஆபீஸ் சொன்ன சாம்பல் நீலம், இந்த ஒதெத்தோட, என் வீட்டுக்கு மட்டும் எலுமிச்சம்பழ மஞ்சள். பஸ்ஸுல வர்ற டூரிஸ்டுங்க மாதா கோயிலை விட்டுட்டு இதத்தான் படம் புடிக்கிறாங்க. மேயருக்கு வயிறு எரியுது. அவர்தானே புகார் குடுத்தாரு? சொல்ல வேணாம், உங்க மூஞ்சியே சொல்லுது.

இந்தாங்க, வால்நட் ஒயின், நானே போட்டது. டியூட்டில குடிக்க மாட்டீங்களா? சாப்பாட்டு நேரத்துல இந்த ஊர்ல யாரு சார் டியூட்டி பாக்குறா? நான் சும்மா சும்மா சிரிக்கிறேனா? காலையிலேருந்து இப்படித்தான் இருக்கேன், கண்டுக்காதீங்க.

பழமையைக் காப்பாத்த வேணாம்னு நான் சொல்லல. கல்லுல கை வெச்சேனா, மரச்சட்டத்துல கை வெச்சேனா? கூரையில ஓடு மாத்த உங்ககிட்ட அனுமதி கேட்டுட்டு, மழைக்காலம் பூரா தலைமாட்டுல வாளி வெச்சுப் படுத்தவ நான்.

ஆனா எல்லா வீடும் ஒரே மாதிரி இருந்தா என்ன ஆகும்னு கேளுங்க. பின் தெருவுல அனிசேன்னு ஒருத்தர், முன்னாடி ரொட்டிக் கடை வெச்சிருந்தாரு. ஈஸ்டருக்கு அவரைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். வாத்தை வறுத்து வெச்சுட்டு உக்காந்திருக்கேன், ஆளக் காணோம். மனுஷன் பக்கத்துல மேயர் வீட்டுக்குள்ள போய்ட்டாரு. பகல்ல இங்க யாரு கதவைப் பூட்டுறா? மேயர், பொண்டாட்டி கூப்பிட்ட விருந்தாளின்னு நினைச்சாரு. அந்தம்மா, புருஷன் கூப்பிட்டதுன்னு நினைச்சாங்க. அனிசேவோ, நான் மேயர் குடும்பத்தையும் சேத்து விருந்துக்குக் கூப்பிட்டிருக்கேன்னு நினைச்சுட்டாரு. சாப்பாட்டு நேரத்துல வந்தவரை எதுக்கு வந்தீங்கன்னு கேக்க முடியுமா? சூப் முடிஞ்சு, கறி முடிஞ்சு, சீஸ் தட்டும் வந்துடுச்சு. அப்பத்தான் இவரு கேட்டிருக்காரு, ஏன், ஒதெத் இன்னும் அடுப்படியிலேயே இருக்காளான்னு.

ஊரே சிரிச்சுது. பட்டப்பகல்ல குடிச்சுட்டு வீடு மாறிட்டான்னு பேசிக்கிட்டாங்க. அவரும் ஆமாம் ஆமாம்னு கூடவே சிரிச்சாரு. நான் வயித்தைப் புடிச்சுக்கிட்டு சிரிச்சேன், அப்புறம் வீட்டுக்கு வந்து கொஞ்சம் அழுதேன்.

அதுக்கப்புறம்தான் பெயிண்ட் வாங்கினது. ஏணி போட்டு நானே அடிச்சேன். கீழ நின்னு மேயர் கத்துறாரு, மேல நின்னு நான் பாடுறேன். தெருவே வேடிக்கை பாத்துச்சு.

மறுபடி நீலம் அடிக்கணுமா? இந்த வாரத்துக்குள்ளயா? அட, இன்னைக்கு மட்டும் அந்தப் பேச்சு வேணாம் சார். இந்தப் புது கவுனைப் பாத்தீங்களா, தலையில பூவைப் பாத்தீங்களா? இன்னைக்கு எனக்குக் கல்யாணம். ஆமா, இந்த வயசுலதான். நடத்தி வைக்கப் போறது யாரு தெரியுமா? அதே மேயர்தான், இங்க சட்டப்படி அவர்தான் நடத்தணும். மேயருங்க தோள்ல போடுற மூவர்ணப் பட்டையை மாட்டிக்கிட்டு, மூஞ்சிய உம்முனு வெச்சுக்கிட்டு, எனக்கு வாழ்த்துச் சொல்லியே ஆகணும். நினைச்சாலே சிரிப்பு தாங்கல.

மாப்பிள்ளையா? அனிசேதான், வேற யாரு. நான் வந்து கூட்டிட்டு வர்றேன்னேன், முடியாதுன்னுட்டாரு. பொண்ணு வீட்டுக்குத் தனியாத்தான் நடந்து வருவாராம், அப்படி ஒரு வீம்பு. நாளையிலேருந்து அவருக்கும் இதுதான் வீடு.

அதோ, தெருமுனையில திரும்பிட்டாரு பாருங்க. கூப்பிடாதீங்க, அவரே வரட்டும். எப்படி வர்றாரு பாத்தீங்களா? சுவத்தைத் தடவல, மேயர் வாசல்ல நிக்கல, நேரா வர்றாரு. கண்ணு போய்க்கிட்டே இருக்கு சார் அவருக்கு. என் முகம்கூட இப்ப சரியாத் தெரியாது. மஞ்சள் மட்டும் இன்னும் தெரியுதாம்.