காட்டுவாத்துக்குப் போட்ட கையெழுத்து

காளவாசலில் பஸ் மாறி ஏறிய இருவர் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். மாமனாரும், பொங்கலுக்கு அவர் அழைத்துப் போகிற புது மருமகனும். மருமகன் மடியில் பெரிய சூட்கேஸ்.

"இந்தத் தடவை விருந்துல காட்டுவாத்து கிடையாது மாப்ள. நம்ம நாடு கையெழுத்துப் போட்டிருச்சு."

"எதுல மாமா?"

"பறவைகளைக் காப்பாத்த உலக நாடெல்லாம் கூடி ஒரு சங்கம் வச்சிருக்காம். நாமளும் சேந்துட்டமாம். ரேடியோவுல சொன்னான்."

"நம்ம விளாங்குடிக் கம்மா வாத்துக்கும் உலக நாட்டுக்கும் என்ன மாமா சம்பந்தம்?"

"அது விளாங்குடி வாத்தா? ரஷ்யாவுல இருந்துல்ல வருது!"

"தலை தீபாவளிக்கு மட்டும் போட்டீகளே?"

"அப்ப ரேடியோ ரிப்பேரு."

நான் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. இறங்க மனசில்லை.

"ஒண்ணே ஒண்ணு மாமா. யாருக்குத் தெரியப்போகுது?"

"நீங்க அவனியாபுரத்துல இருந்து வாரீக, அது ரஷ்யாவுல இருந்து வருது. ரெண்டு பேருமே நமக்கு விருந்தாளி. ஒரு விருந்தாளியை அறுத்து இன்னொருத்தருக்குக் குழம்பு வைக்கவா?"

மருமகன் முகம் சுருங்கிவிட்டது. "நல்ல விருந்தாளி! மாசக்கணக்குல கம்மாத் தண்ணியிலயே கிடக்குது."

மாமனார் சூட்கேஸை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"பங்குனி பொறந்தா அது கிளம்பிரும் மாப்ள. நீங்க எப்பக் கிளம்புறதா உத்தேசம்?"