மூன்றில் ஒரு பங்கு

என் கையெழுத்து சுமார்தான் சார். நிதானமாக எழுதினால் படிக்கும்படி இருக்கும். அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ராஜாவுக்குக் கடிதம் வாசித்துக் காட்டும் வேலையில் இருந்தேன். ராஜ்யம் அவர் தாத்தாவோடு போயிற்று, பெயர் மட்டும் நின்றுவிட்டது. அந்தக் குடும்பத்தில் யாரும் தபாலைக் கையால் தொடமாட்டார்கள். ஒருவர் நின்று வாசிக்க வேண்டும், அவர்கள் உட்கார்ந்து கேட்பார்கள். தேர்தலில் நிற்க ஆரம்பித்த பிறகும் ராஜா அந்தப் பழக்கத்தை விடவில்லை.

"நீ வாயத் தொறந்தாதான் அவருக்குக் காதே கேக்குது," என்று டிரைவர் கிண்டல் செய்வார். "எனக்கு ரெண்டு நாள் லீவு வேணும்னு நடுவுல சேத்து வாசிச்சு விடேன்."

ராஜா இரண்டு தேர்தல்களில் தோற்றிருந்தார். மூன்றாவதற்கு முன், அரண்மனையின் தர்பார் மண்டபத்தை வேலைக்குப் போகிறவர்களின் மாலை வகுப்புக்குக் கொடுத்தார். ஓட்டுக் கேட்கப் போனால் எடுத்துச் சொல்ல அவரிடம் இருந்தது அது ஒன்றுதான். நானும் அங்கேதான் படித்தேன், மூன்றாவது வரிசையில். டீச்சர் சுருக்கி எழுதக் கற்றுக்கொடுத்தார். மூன்றில் ஒரு பங்காக வேண்டும், கருத்து மாறக் கூடாது. எனக்கு அது சரியாக வருகிறதா என்று எப்போதும் சந்தேகம். ராஜாவின் தபாலில் பழகிப் பார்த்தேன்.

"உன் வாசிப்புல தலைவலியே இல்லம்மா," என்றார் அவர்.

வாக்குப்பதிவுக்கு இருபது நாள் இருக்கையில் இன்ஜினியரின் கடிதம் வந்தது. நான்கு பக்கம். மண்டபத்தின் நடு உத்தரம் உளுத்துவிட்டது, பெரிய மழை தாங்காது, இன்றே மூடுங்கள் என்று எழுதியிருந்தார். மூன்று முறை படித்தேன். பிறகு, கூரையில் சிறிது மராமத்து தேவை என்று வாசித்தேன்.

"எலெக்‌ஷன் முடியட்டும், பாத்துக்கலாம்," என்றார் ராஜா.

அடுத்த வாரம் இன்ஜினியர் நேரிலேயே வந்தார்.

"முழுசா வாசிச்சியாம்மா? என்ன சொன்னாரு?"

"பாத்துக்கலாம்னு சொன்னார் சார்."

அது பொய் இல்லை.

"நானே ஒரு நிமிஷம் பாத்துட்டுப் போயிடறேன்."

"வெளியூர் போயிருக்கார் சார்."

அடுத்த அறையில் ராஜா இருமினார். இன்ஜினியருக்கு அது கேட்டதா என்று இன்றும் எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

காரணம் கேட்டீர்கள். போன முறை தோற்றபோது ராஜா ஒரு மாதம் எந்தக் கடிதத்தையும் கேட்கவில்லை. நான் வராந்தாவில் சும்மா உட்கார்ந்திருந்தேன். இன்னொரு முறை என்னால் அப்படி உட்கார முடியாது.

கடிதம் வந்த நாளிலிருந்து நான் ஏன் வகுப்புக்குப் போகவில்லை என்றும் கேட்டீர்கள். என் டைரிதான் உங்களிடம் இருக்கிறதே, ஒவ்வொரு நாளும் தலைவலி என்று எழுதியிருக்கிறேன். உண்மையிலேயே வலித்தது என்றுதான் நினைக்கிறேன். பின் வரிசைத் தோழிகூடக் கடைத்தெருவில் பார்த்துக் கேட்டாள்.

"எங்கடி ஆளையே காணோம்? உன் எடத்துல நான் உக்காந்துட்டேன், அப்புறம் சண்டைக்கு வராத."

"நீயே வெச்சுக்கோ," என்றேன்.

வாக்கு எண்ணிய அன்று மதியத்திலிருந்தே மழை. மாலைக்குள் ராஜா ஜெயித்துவிட்டார். நான் வாழ்த்துக் கடிதங்களை வாசித்துக்கொண்டிருந்தேன். மண்டபத்துப் பக்கம் பெரிய சத்தம் கேட்டது. வகுப்பு நடக்கிற நேரம்.

"என்னம்மா அது?"

"உங்களுக்காக வெடி போடறாங்க ராஜா," என்று சொல்லி, அடுத்த கடிதத்தைப் பிரித்தேன்.

பதினொரு பேர். டீச்சரும் தோழியும் அதில் சேர்த்தி.

எழுதியதைத் திரும்பப் படித்தேன். நீண்டுவிட்டதோ என்று சந்தேகமாக இருக்கிறது. கோர்ட்டில் யாராவது இதை நின்று வாசிக்க வேண்டியிருக்கும். வேண்டுமானால் மூன்றில் ஒரு பங்காக்கித் தருகிறேன் சார். பதினொரு பேர் என்கிற வரியை எடுத்துவிடலாம். கருத்து மாறாது.