முள்ளம்பன்னிக்குப் பெயர் வைத்தது யார்?

மலையேறி வந்த எங்களுக்கு முதலில் தண்ணீர் தந்து, பிறகு மேடை தந்த வாழவந்தி நாட்டுப் பெரியோர்களே! இன்று வெளியாகும் இந்தச் சிறுவர் கதை நூலை அச்சிட்டு, இந்த அவைக்கும் தலைமை ஏற்றிருக்கும் பேளுக்குறிச்சி அச்சக உரிமையாளர் அக்பர் அலி அவர்களே! மரவள்ளிக் காட்டு வேலையைப் பாதியில் விட்டு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! முன்வரிசையில் முண்டியடித்து அமர்ந்திருக்கும் மாணவச் செல்வங்களே! அனைவருக்கும் இந்தத் தனபாலின் வணக்கம்.

வாழ்த்திப் பேச அழைத்தார்கள். நானோ வழக்குரைக்க வந்திருக்கிறேன். குற்றவாளிகள் இருவர். ஒன்று, இயந்திரம் வைத்திருக்கும் ஒரு கம்பெனி. இன்னொன்று, நான்!

உங்கள் ஆசிரியை கோகிலவாணி, பிள்ளைகளுக்காக எழுதிய கதைகளை இரண்டாண்டுகளாகப் பள்ளியின் இணையப் பக்கத்தில் போட்டு வந்தார். அவற்றைத் தொகுத்து எங்கள் சிறுவர் நூல் தேர்வுக் குழுவுக்கு அனுப்பினார். குழுவின் செயலாளர் நான். கணினியில் சோதித்தேன். நொண்டி நடக்கும் முள்ளம்பன்னியின் கதை, செயற்கை நுண்ணறிவு எழுதியதாக ஒரு கதைச் செயலியில் அப்படியே இருந்தது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்டேனா? இல்லை. விளக்கம் கோரினேனா? இல்லை. ‘இது உங்கள் சொந்தப் படைப்பன்று’ என்று கடிதம் எழுதிவிட்டேன்.

கடிதம் பள்ளி முகவரிக்கு வந்தது. டீச்சர் திருடிவிட்டாராம் என்ற பேச்சு பஸ்ஸேறி ஊர் ஊராகப் போனது. பாடம் நடத்தும்போது பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கவே கூசியது என்று பின்னால் என்னிடம் சொன்னார்.

மறுவாரம் நாமக்கல்லில் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். அழவில்லை.

“நான் எழுதுனத அது படிச்சிருக்குதுங்க சார். அது எழுதுனத நான் படிச்சதில்லீங்க” என்றார்.

உடன் வந்தவர், இப்பள்ளியில் சத்துணவு சமைக்கும் அம்மையார். காலைச் சற்று இழுத்து நடப்பவர். கதையில் முள்ளம்பன்னியின் பெயர் கண்ணாயி.

“நாந்தானுங்க அந்தக் கண்ணாயி. எங்கிட்டக் கேட்டுட்டுத்தான் டீச்சரு எம்பேர வெச்சாங்க. உங்க மிஷினு என்னைய எப்பங்க பாத்துது?”

சிரிக்கிறீர்கள். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. தேதிகளைத் தேடினேன். ஆசிரியையின் கதை வெளியாகி ஓராண்டு கழித்துத்தான் செயலியில் அது வந்திருந்தது. செயலியை நடத்தும் கம்பெனிக்கு எழுதினோம். பதில் வந்தது: பொதுவில் போட்டதை எங்கள் இயந்திரம் படிக்கலாம், இயந்திரம் எழுதியது எங்களுக்கே சொந்தம்.

என்ன நியாயம் இது? உள்ளே போகும்போது ஊர்ச்சொத்து, வெளியே வரும்போது கம்பெனிச் சொத்தா? எடுக்கும்போது எல்லோருடையது, விற்கும்போது எங்களுடையதா? கேட்டுப் பெயர் வைத்தவர் திருடி, கேட்காமல் கதையை எடுத்தவர் உரிமையாளரா? கைதட்ட வேண்டாம் பெரியோர்களே, கோபப்படுங்கள்!

தேதிகளோடு மீண்டும் எழுதினோம். சத்தமில்லாமல் கதையை நீக்கினார்கள். மன்னிப்புக் கேட்கவில்லை. போகட்டும், நான் கேட்கிறேன். கோகிலவாணி அவர்களே! அன்று அலுவலக அறைக்குள் நான் உங்களிடம் கேட்ட மன்னிப்பு போதாது. பழி பரவிய ஊரில், உங்கள் பிள்ளைகள் முன்னால் சொல்கிறேன்: இந்தக் கதைகள் உங்களுடையவை. நான் எழுதிய கடிதம் பொய். எழுதியவரைக் கேட்காமல், கணினியின் சொல்லை நம்பி இனி ஒருவரையும் எங்கள் குழு விலக்காது.

பிள்ளைகளே! இன்று ஊட்டுக்குப் போனதும் ஒன்றைச் சொல்லுங்கள். எங்கள் டீச்சர் திருடவில்லை என்று சொல்லுங்கள். தவறு செய்தவனையும் மேடையேற்றிப் பேசவிட்ட உங்கள் பெருந்தன்மைக்கு நன்றி. ஆசிரியைக்கு என் முதல் வணக்கம். அவைக்கு அடுத்த வணக்கம். அமர்கிறேன்.