அலமாரிக்குப் பேப்பர் போட்ட கதை

பேப்பரா? பழைய பேப்பரா கேக்கறே? அதுவும் சமையலுள் அலமாரிக்குப் போடவா? பேஷ்! பக்கத்தாத்துக்குக் குடிவந்து மூணு நாள் ஆகலை, ஊறுகாய் ஜாடியெல்லாம் இன்னும் வைக்கோலை விட்டு வெளியில வரலை, அதுக்குள்ள பேப்பர் ஆசை வந்துடுத்தாக்கும்! ஒக்காரு. ஒக்காரு, சீதாலக்ஷ்மி. குடுக்க மாட்டேன்னா சொன்னேன்? கட்டு கட்டா இருக்கு. எங்காத்துக்காரர் ஒரு பேப்பரைத் தூக்கிப் போட விடுவாரோ? ஆனா நான் சொல்றதைக் கேட்டுட்டு எடுத்துண்டு போ. அடுப்புல ஏதாவது வெச்சிருக்கியா? இல்லியோன்னோ? அப்போ ஒக்காரு.

நான் பாட்டுக்கு இந்த அலமாரியைச் சுரண்டிண்டே பேசறேன், தப்பா எடுத்துக்காதே. மூணு தட்டு ஆயிடுத்து, இந்த நாலாவது தட்டுதான் உசிரை வாங்கறது. மத்தியான வண்டி வரதுக்குள்ள முடிச்சாகணும். அவர் காலம்பர மொதல் வண்டியில நஞ்சன்கூடு போயிருக்கார், அவரோட அக்காவை அழைச்சுண்டு வர. கமலம்மாள்னு பேரு. என் நாத்தனார். கோவிச்சுண்டு போய் இருபத்திரண்டு நாள் ஆச்சு. வருவாளோ மாட்டாளோ... எதுக்குப் போனாங்கறே? எதுக்கா? நீ கேட்டு வந்திருக்கியே, அதுக்குத்தான்! அலமாரிக்குப் போட்ட பேப்பருக்கு! சிரிக்காதே. நான் சிரிச்சு இருபத்திரண்டு நாள் ஆச்சு.

நான் கேக்கறேன், பலகை என்ன கல்யாணப் பொண்ணா, துணி உடுத்தி உக்காத்தி வைக்கறதுக்கு? வாரத்துக்கு ஒருநாள் ஈரத்துணியால தொடைச்சா ஆச்சு. எங்கம்மா பேப்பர் போட்டாளா? அவ மாமியார் போட்டாளா? அவா ஆத்துப் பருப்பெல்லாம் வேகாமலா போச்சு? எல்லாம் எதிர்த்தாத்து கௌரம்மா பண்ணின வேலை. தெரியுமோன்னோ, ஓவர்சியர் பொண்டாட்டி? பச்சைக் கதவு. போன தசராவுக்கு வெத்தலை பாக்குக்குக் கூப்பிட்டா, போனேன். நேரே சமையலுள்ளுக்கு அழைச்சுண்டு போயிட்டா. சாமியைக் காட்டுவான்னு பார்த்தா அலமாரியைக் காட்டறா! தட்டு தட்டாப் பேப்பர். அதோட முன்பக்கத்தைக் கத்தரியால பல்லுப் பல்லா, பூப்பூவா வெட்டித் தொங்க விட்டிருக்கா. ‘ஏன்ரீ விசாலாக்ஷம்மா, நீங்க இன்னும் வெறும் பலகையிலேயா வெச்சிருக்கேள்?’னு கன்னடமும் தமிழுமா ஒரு கேள்வி. வெறும் பலகையாம்! என்னமோ நான் வெறும் தரையில படுத்துண்டிருக்கறாப்பல.

சரின்னு இவர்கிட்ட வந்து சொன்னா, இவருக்கு ஒரே உத்ஸாகம். சும்மா இருந்தாரா மனுஷர்? ஆபீஸ் ஏலத்துல ஒரு மேஜையைப் பிடிச்சுண்டு வந்துட்டார். நாலு டிராயர். ‘விசாலம், டிராயருக்குள்ளயும் பேப்பர் போடு, பெருங்காயம், ஏலக்காய் எல்லாம் தனித்தனியா வெச்சுக்கலாம்’னார். வெச்சேன். அந்த டிராயர்ல முப்பது வருஷமா அரக்கும் மசியும் இருந்திருக்கு. எத்தனை பேப்பர் போட்டா என்ன? அன்னிக்கு ரசத்துல பெருங்காயம் போட்டா, கச்சேரி வாசனை அடிக்கறது. ‘என்ன ரசம் இது’ன்னு என்னைக் கேக்கறார். உங்க ஆபீஸ் ரசம்னேன்.

இதோட விட்டுதா? கல்யாணம் ஆனதுலேர்ந்து சமையலுள் பக்கம் தலைகாட்டாத மனுஷர், பேப்பர் போட்டதும் தினம் வர ஆரம்பிச்சுட்டார். எதுக்கு? படிக்கறதுக்கு! கழுத்தைச் சாய்ச்சுண்டு, துவரம்பருப்பு டப்பாவை நகர்த்தி அபிசீனியா சண்டையைப் படிக்கறார். மிச்சம் புளிப் பானைக்கு அடியில போயிடுத்தாம், பானையைத் தூக்கறார். குளிக்காத ஒடம்போட! ‘ஐயோ தொடாதேடா’ன்னு அக்கா அலற, இவர் பானையை நழுவவிட... விடு. அந்தப் புளியைக் கரைச்சு வெண்கலம் தேய்ச்சேன் ஒரு மாசம்.

அக்காவா? அக்காவைப் பத்தி என்ன சொல்ல. பதினேழு வயசுல பூவும் பொட்டும் போய்ப் பொறந்தாத்துக்கு வந்தவ. நான் இந்த ஆத்துக்கு வந்து பதினெட்டு வருஷம், அவ வந்து இருபத்தஞ்சு வருஷம். ஆசாரம்னா ஆசாரம், அப்படி ஒரு ஆசாரம். உங்களுக்கெல்லாம் இத்தனை நாள் ரெயில்வே குவார்ட்டர்ஸ், கையக் கழுவினா ஆச்சு. இங்க அப்படியில்லை. சாதம் பட்டதெல்லாம் பத்து. அந்தக் கையோட உப்பு ஜாடியைத் தொடப்படாது, ஊறுகாயைத் தொடப்படாது, நெய்யைப் பார்க்கவே படாது. ஏகாதசின்னா அவளுக்குச் சொட்டுத் தண்ணி, கொஞ்சம் பழம், சாயங்காலம் தன் டப்பாவுலேர்ந்து ஒரு பிடி வறுத்த கடலை. அந்த டப்பா மேல பத்துக் காத்துகூடப் படப்படாது. அப்பேர்ப்பட்டவ.

அப்பேர்ப்பட்டவ ஒரு ஏகாதசியன்னிக்குக் காலம்பர ஈரப்பொடவையோட வந்து டப்பாவை எடுக்கறா, இதோ இதே தட்டுலேர்ந்து. எறும்பு சாரி சாரியா பேப்பருக்கு அடியில போறது. என்னடா இதுன்னு ஒரு ஓரத்தைப் பிடிச்சு இழுத்தா. வந்துடுத்து. பேப்பருக்குப் பின்னாடி, காஞ்சு போய், வரிசையா நாலு பருக்கை. சாதப் பருக்கை! எட்டு மாசமா! பதினாறு ஏகாதசி, சீதாலக்ஷ்மி, பதினாறு ஏகாதசி அவ பத்துத் தட்டுலேர்ந்து எடுத்துத் தின்னிருக்கா!

‘விசாலி, இது என்ன?’ன்னா. நான், ‘ரவை’ன்னேன். அப்பறம், ‘பசை நான் பண்ணலை அக்கா, கௌரம்மா ஆத்துலேர்ந்து கிண்ணத்துல வந்தது, அவா என்னத்தைப் போட்டுக் காய்ச்சினாளோ’ன்னேன். அக்கா நேரே கெணத்தடிக்குப் போய்த் தலையில தண்ணியைக் கொட்டிண்டா. ரெண்டு பொடவை, ஒரு செம்பு, ஜபமாலை. மூட்டை கட்டிண்டு ஜட்காவைக் கூப்பிட்டுண்டு போயே போயிட்டா. திட்டியிருந்தா தேவலை. அன்னிலேர்ந்து இவரும் என்னோட பேசறதில்லை. மோர் சாதத்தைப் பிசைஞ்சுண்டு ஒக்காந்திருக்கார். கௌரம்மாவைப் பார்த்தா மூஞ்சியைத் திருப்பிக்கறார். அவளும் எதுக்குன்னு தெரியாம முழிக்கறா, பாவம்... பாவம் என்ன பாவம்! அவ அலமாரியைக் காட்டலைன்னா இதெல்லாம் வருமா?

என்ன? என்ன கேட்டே? மேல் மூணு தட்டுல ஒரு பருக்கைகூட இல்லையே, இதுல மட்டும் எப்படின்னா? நீ ரெயில்வேக்காரர் பொண்டாட்டியா, போலீஸ்காரர் பொண்டாட்டியா? வந்த எடத்துல பேப்பர் கேட்டோமா வாங்கிண்டோமான்னு இல்லாம, தட்டை எல்லாம் எண்ணிப் பார்க்கறே! கிண்ணம் தீர்ந்து போயிருக்கும். வேற பசை... வேற கிண்ணம்... 

சரி. எட்டு மாசமா இவர் கண்டுபிடிக்கலை, நீ அரை மணியில கண்டுபிடிச்சுட்டே. கதவைச் சித்த சாத்து.

கிண்ணமும் வரலை, ஒண்ணும் வரலை. கௌரம்மா என்னத்தைக் கண்டா? மேல் மூணு தட்டுக்கும் வேலம்பிசின்தான், நானே ஊறப்போட்டு ஒட்டினேன். இந்தத் தட்டுக்கு மட்டும் சாதம். பிசின் தீர்ந்து போச்சான்னு கேக்காதே. டப்பாவுல பாதி மிச்சம் இருந்தது, கை எட்டற தூரத்துல. வேணும்னே போட்டேன். ஆமாம், வேணும்னே! அப்படிப் பார்க்காதே.

பதினெட்டு வருஷம், சீதாலக்ஷ்மி. கடுகு டப்பாவை நான் இந்தப் பக்கம் வெச்சா மறுநாள் அந்தப் பக்கம் இருக்கும். காப்பிப்பொடியை அவ அளந்து குடுத்து நான் போடணும். நாலு தட்டு இருக்கற அலமாரியில ஒரு தட்டு, ஒரே ஒரு தட்டு என் கைக்குன்னு கெடையாது. பத்து ஆயிடுத்துன்னா அவ அதைத் தொடமாட்டா. அப்போ அது என்னோடது. ‘அக்கா, அசந்து போய்ச் சாதத்தால ஒட்டிட்டேன், அந்தத் தட்டு எனக்கே இருக்கட்டும்’னு சொல்லணும்னு மனசுல பாடம் பண்ணி வெச்சிருந்தேன். என்ன, நாலு வசவு வாங்குவேன். வாங்காத வசவா?

ஒட்டி முடிச்சேன். பூப்பூவா வெட்டித் தொங்க விட்டேன், கௌரம்மாவுது பிச்சை வாங்கணும், அப்படி. அக்கா வந்து நின்னா. சொல்ல வாயைத் திறந்தேன். அவ மேலயும் கீழயும் பார்த்துட்டு, ‘நன்னா இருக்குடி விசாலி’ன்னா. பதினெட்டு வருஷத்துல மொதல் தடவை! அப்பளத்துக்குச் சொல்லலை, வடுமாங்காய்க்குச் சொல்லலை, இதுக்குச் சொன்னா. சொல்லிட்டு என்ன பண்ணினா தெரியுமா? தன் ஏகாதசி டப்பாவை எடுத்துண்டு வந்து, இருக்கறதுக்குள்ள அழகா இருக்குன்னு, இதே தட்டுல கொண்டு வெச்சா.

எப்படிச் சொல்லுவேன்? நீயே சொல்லு, எப்படிச் சொல்லுவேன்? நாளைக்குச் சொல்லிக்கலாம்னு இருந்தேன். நாளைக்கு, நாளைக்குன்னு எட்டு மாசம். ஒவ்வொரு ஏகாதசிக்கும் அவ டப்பாவைத் திறக்கறப்போ நான் கொல்லைப்பக்கம் போயிடுவேன், துணி ஒணத்தறாப்பல. இப்போ நாலு தட்டும் என்னோடதுதான். எங்க வேணா கடுகை வெச்சுக்கலாம். நன்னா இருக்கா? நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருக்கு.

ஜட்கா சத்தம் கேக்கறதோ? நம்மாத்து வாசல்தான். நீ போய்ப் பாரு, நான் இந்த ஓரத்தைச் சுரண்டி முடிச்சுடறேன். யார் எறங்கறா? அவர் மட்டுமா? பின்னால பாரு, அக்கா மெல்லத்தான் எறங்குவா, முட்டி வலி... இல்லையா? நன்னாப் பார்த்தியா?

வாங்கோ. இவ பக்கத்தாத்து சீதாலக்ஷ்மி, பேப்பர் கேட்டு வந்தா. அவ இருந்தா என்ன, சொல்லுங்கோ. அக்கா என்ன சொன்னா? இன்னும் கோவமா?... கோவமே இல்லைன்னாளா? பின்ன ஏன் வரலை?... என்னது? விரதமா? தினம் கோவில்ல நூத்தெட்டுப் பிரதட்சிணம், ஒருவேளை சாப்பாடு, அதுவும் உப்பில்லாம? ஒரு மண்டலமா? எதுக்கு? அவ என்ன பாவம் பண்ணினா?... ‘கண்ணு அவிஞ்சு போய் பசை என்னன்னு கேக்காம வெச்சது நான்தானே’ன்னாளா? கௌரம்மாவோட மனஸ்தாபம் வேண்டாம்னாளா?... என்னைப் பத்தியா? என்னைப் பத்தி என்ன சொன்னா?

‘விசாலி ஆசை ஆசையா ஒட்டினா, கொழந்தையை ஒண்ணும் சொல்லிடாதே’ன்னாளா.

கொழந்தையாமே! கேட்டியா சீதாலக்ஷ்மி?

நீங்க சட்டையைக் கழட்ட வேண்டாம். வண்டிக்காரன் போயிடப் போறான், நிறுத்தி வைங்கோ. நஞ்சன்கூட்டுக்கு நாலு மணி வண்டி இருக்கோன்னோ? கௌரம்மா ஆத்துப் பசை இல்லை, வழியில எல்லாம் சொல்றேன், அப்பறம் நீங்க என்ன வேணா பேசிக்கோங்கோ. பேசாட்டாலும் போறும். பித்த ஒடம்பு அவளுக்கு, ஒருவேளை தப்பினாலே தலை சுத்தும். பட்டினி கெடக்கணும்னா ஒட்டினவதானே கெடக்கணும். நகருங்கோ.