வெளியாகாத வீடியோ

“அக்கா, நான் பயந்தா நல்லாவா இருக்கேன்?”

“பயந்தாத்தான்டி உன் கண்ணு முழுசாத் தெரியுது.”

“அப்போ சிரிச்சா?”

“சிரிச்சா நம்ம அப்பா மாதிரி இருக்க. யாரு பார்ப்பா?”

எங்கள் யூடியூப் சேனல் ஆரம்பித்தது இப்படித்தான், இன்ஸ்பெக்டர் மேடம். நான் கேமராவோடு அலமாரிக்குள் ஒளிந்திருப்பேன். தங்கச்சி அதைத் திறந்து அலறுவாள். பிறகு இருவரும் விழுந்து விழுந்து சிரிப்போம். அந்தச் சிரிப்பை நான் வெட்டிவிடுவேன். பார்க்கிறவர்களுக்குப் பிடித்தது அவளுடைய பயம்தான்.

அம்மா போன பிறகு அவளுக்குத் தலை வாரிப் பள்ளிக்கு அனுப்பியவள் நான். அவள் முகம் எனக்கு மனப்பாடம். அவள் பொய்யாகப் பயப்பட ஆரம்பித்ததை எல்லோருக்கும் முன்னால் கண்டுபிடித்தேன். அவள் மனசு வேறெங்கோ போயிருந்தது. கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் ஒருவரிடம்.

“எப்பப் பார்த்தாலும் என் கண்ணையே பார்க்கறாருக்கா.”

“அது அவர் வேலைடி.”

“கடை மூடின அப்புறமுமா?”

நல்ல மனிதர், குறை சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்தால் எங்கள் செருப்புகளையும் சேர்த்து ஜோடியாக அடுக்கி வைப்பார். படம் எடுக்கும்போது விளக்குப் பிடிப்பார். கல்யாணம் முடிந்ததும் இருவரும் வேறு ஊருக்குப் போவதாகப் பேச்சு. ‘சேனல் என்ன ஆகும்?’ என்றேன். தங்கச்சி ஏதோ கேட்க வாயெடுத்தாள். நான் மிக்ஸியைப் போட்டுவிட்டேன். பிறகும் பலமுறை வந்து நின்றாள். என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும். “முதல்ல சாப்பிடு” என்பேன். அவள் கேட்க வந்ததையும் சேர்த்து விழுங்கிவிடுவாள்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. இன்று எடுத்ததை இன்றே போட மாட்டோம். எங்கே இருக்கிறோம் என்று வெளியாட்களுக்குத் தெரியக்கூடாது என்பதால், சில நாள் ஆறப்போட்டுத்தான் வெளியிடுவோம். அதனால்தான், பெயரில்லாத ஒரு கணக்கிலிருந்து ‘பச்சைத் திரைச்சீலை உன் அறைக்குப் பொருத்தம்’ என்று செய்தி வந்தபோது அவள் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினாள். அந்தத் திரைச்சீலை வரும் வீடியோ இன்னும் வெளியாகவில்லை.

அதை அனுப்பியவள் நான்.

இன்னும் சில அனுப்பினேன். அவள் எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பாள் என்றுகூட எழுதினேன். பூட்டிய கதவைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்தாள். அவள் குளித்து முடிக்கும்வரை வெளியே நின்று நான் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பேச்சு நின்றால் “அக்கா, அக்கா” என்பாள். சின்னப் பிள்ளைபோல என் கட்டிலுக்கு வந்து, என் உடையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தூங்கினாள். உண்மையைச் சொன்னால், அந்த நாட்கள் நன்றாகவே இருந்தன. கண்ணில் பயம் திரும்பி வந்தது. சேனலைப் பார்க்கும் கூட்டமும் திரும்பி வந்தது.

அவளாகவே ஒரு முடிவுக்கு வந்தாள். “வெளியாகாததைப் பார்க்கறது நீயும் அவரும்தான். அப்போ அவர்தானேக்கா?”

என்னைச் சந்தேகிக்க அவளுக்குத் தோன்றவே இல்லை. அவர்தான் என்று நான் சொல்லவில்லை, மேடம். இல்லை என்றும் சொல்லவில்லை. தலையைத் தடவிக்கொடுத்தேன்.

அதோடு அவருடைய ஃபோனை எடுப்பதை நிறுத்திவிட்டாள். அவர் என்னை அழைத்தார். “அக்கா, ஒரு தடவை நேர்ல பேசிட்டாப் போதும்.”

“தாராளமா வாங்க” என்றேன். தங்கச்சியிடம் சொல்லவில்லை. முன்கூட்டியே சொன்னால் முதல் பயம் கெட்டுவிடும். கேமராவை மாடிப்படியைப் பார்த்தபடி, கதவுக்கு வெளியே இருக்கும் செருப்பு அலமாரிமேல் வைத்தேன். மதியம் அவர் படியேறும் சத்தம் கேட்டதும், குப்பைப் பையைக் கீழே வைத்துவிட்டு வரச் சொல்லி அவளை அனுப்பினேன்.

கதவைத் திறந்தாள். எதிரே அவர் கையை நீட்டிக்கொண்டு நின்றார். இந்த முறை அவள் அலறவில்லை. இரண்டு கையாலும் தள்ளினாள். படிகள் திரும்பும் இடம்வரை அவர் உருண்டார்.

“நான் அவரைக் கொன்னுட்டேனாக்கா?”

“நீ உள்ள போய் முகத்தைக் கழுவு. நான் பார்த்துக்கறேன்.”

இறங்கிப் போனேன். அவருக்கு மூச்சு இருந்தது. “அந்த மெசேஜ் நான் இல்லக்கா” என்றார். “தெரியும்” என்றேன். பிழைத்தால் இதையே அவளிடமும் சொல்வார், அவள் நம்புவாள். அவர் இல்லையென்றால், மிச்சம் இருப்பது ஒருத்திதானே. என் தோளில் கிடந்த துண்டை மடித்து அவர் மூக்கிலும் வாயிலும் வைத்து அழுத்தினேன். அதிக நேரம் ஆகவில்லை. பிறகுதான் ஆம்புலன்சை அழைத்தேன்.

கேமராவை நான் அணைக்கவில்லை. எப்போதும் எடுப்பவள் நான், படத்தில் வருபவள் அவள். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் நான் லென்ஸுக்கு முன்னால் நின்றதில்லை. நானும் அதில் பதிவாவேன் என்பது என் புத்தியிலேயே ஏறவில்லை.

ஆம்புலன்ஸ் ஆட்களோடு நான் கீழே பேசிக்கொண்டிருந்தபோது அவள் முழுவதையும் பார்த்துவிட்டாள். மேலே வந்தால், கேமராவை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. கொன்றது அவள் இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பாரத்தை இறக்கி வைத்தவள் அக்காதான் என்பதும் புரிந்திருக்கும். அணைத்துக்கொள்ளக் கை நீட்டினேன்.

அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். பல் கிட்டித்துப் போயிருந்தது. இத்தனை நாள் விழுங்கியது தொண்டையில் ஏறி வருவதைப் பார்த்தேன். சாப்பிடச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

“என்னை விட்டுடுக்கா” என்றாள்.